தொப்பி வேட்டைக்காரர்கள்

எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்று ஒருவன் கேட்டால், எதற்கு என்று முதலில் கேட்க வேண்டும். இது என் சொந்தச் சரக்கு அல்ல. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவைப் படித்தவர்களுக்குத் தெரியும். பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ என்றால் 20 அங்குலத்துக்குக் குறையாத குழலும் உட்புறம் வழவழப்பும் உள்ள துப்பாக்கி. பயிர்க் காவலுக்கு என்றால் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. காரணத்தைப் பார்த்துத்தான் ஆயுதம். நான் எழுத்தராக இருந்தபோது ஒன்பது வருடம் அந்த விண்ணப்பங்கள் என் மேசை வழியாகத்தான் போயின. மல்லாட்டைக் கொல்லையில் நரி புகுந்து விடுகிறது என்று கிராமத்து ஆள் எழுதிக் கொடுப்பார். ஊசுட்டேரிக்கு வாத்து சுடப் போன தாத்தாவின் செந்த்-எத்தியேன் துப்பாக்கியைப் பேரன் பெயருக்கு மாற்றித் தரும்படி பழைய குடும்பத்துக்காரர் எழுதுவார். ஆசையாக இருக்கிறது, அதனால் வேண்டும் என்று எழுதியவர் ஒருவரும் இல்லை. எழுதினால் கோப்பு நகராது என்று எல்லோருக்கும் தெரியும்.

நான் வாழ்நாளில் ஒரு தோட்டாவைக்கூடச் சுட்டவன் இல்லை. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இவருக்கு என்ன தெரியும் என்று கேட்பவர்கள் தாராளமாகக் கேட்கட்டும். நோக்கம் என்ற கட்டத்தைப் படித்துப் பார்க்கத் தெரியும். அது போதும்.

விஷயம் இதுதான். டெக்சாஸில் குடியிருக்கும் என் அக்கா மகன் சென்ற மாதம் போனில் கேட்டான்: "மாமா, நீங்க கன் லைசென்ஸ் பார்த்தவராச்சே, கையோட்டி வேட்டைக்கு எந்த ரைபிள் வாங்கலாம்?" பாதி வேடிக்கை, பாதி நிஜம். ஊருக்கு வெளியே அவனுக்கு 12 ஏக்கர் இருக்கிறது. அதில் இருபது வெள்ளாடுகள். ஆடு எதற்கு என்றால், நிலத்தில் விவசாயம் நடக்கிறது என்று காட்டினால் அந்த மாநிலத்தில் நிலவரி வெகுவாகக் குறையும். (நம்ம ஊர்ப் பிள்ளை கடல் கடந்தாலும் சலுகையை விடமாட்டான்.) இந்தக் குளிர்காலத்தில் இரண்டு குட்டிகளைக் கையோட்டி தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஆகவே ரைபிள். அவனுக்கு ஒன்று, பதினாலு வயதாகும் பையனுக்கு, பழகிக்கொள்ள, இன்னொன்று. அந்த இரண்டாவது ரைபிள்தான் என்னை எழுத உட்கார வைத்தது.

கையோட்டி என்பது அவர்கள் ஊர் நரி. சிலர் கோயோட்டி என்றும் சொல்வார்கள். மெக்சிகோவின் பழைய நவாத்தல் மொழிச் சொல் அது. நம் குள்ளநரியைவிடக் கொஞ்சம் பெரியது, ஓநாயைவிட மிகவும் சிறியது. எடை பெரும்பாலும் 10 முதல் 16 கிலோ வரை, அதாவது நம் தெரு நாய் அளவு. எலி, முயல், செத்த மாடு, விழுந்த பழம் எதையும் தின்னும். காவல் இல்லாத ஆட்டுக்குட்டி கிடைத்தால் அதையும் தின்னும். டெக்சாஸில் அதைச் சுட வருடம் முழுவதும் அனுமதி உண்டு. இத்தனைதான் என்ற கணக்கும் கிடையாது.

அக்கா மகன் ஒரு பட்டியல் அனுப்பினான். நானும் எழுத்தர் புத்தியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். உண்மையைச் சொன்னால் இந்தக் கேள்விக்குப் பதில் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். .223 ரெமிங்டன் என்று ஒரு தோட்டா இருக்கிறது. அதன் குண்டு வழக்கமாக 55 கிரெயின், நம் கணக்கில் மூன்றரை கிராம். வினாடிக்கு ஏறத்தாழ 3,200 அடி, அதாவது ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான வேகத்தில் போகும். தோளில் உதை அதிகம் இல்லை, விலை மலிவு, எந்தக் கடையிலும் கிடைக்கும். தெரு நாய் அளவு மிருகத்துக்கு 250 கஜம் வரை இதுவே தாராளம். இதைவிடச் சின்னதான .22 ரிம்ஃபயர் கூடாது. மிருகம் சாகாது, காயத்தோடு ஓடிப் புதரில் கிடந்து துடிக்கும். அது பாவம் என்பது ஒரு பக்கம். காலொடிந்து ஓட முடியாமல் போன மிருகம் முயலை விட்டுவிட்டு ஆட்டைத் தேடி வந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

இங்கே நின்றிருக்கலாம். ஆனால் பட்டியல் நிற்கவில்லை. .22-250 என்று ஒன்று, இன்னும் வேகம். .243 வின்செஸ்டர், 1955இல் வந்தது. மானுக்கும் ஆகும், காற்றில் அவ்வளவாக விலகாது, ஆனால் நரியின் தோலைக் கிழித்துவிடும். .204 ரூகர், 2004இல் வந்தது. குண்டு 2 கிராம்தான், வேகம் 4,000 அடிக்கும் மேல். .17 என்று பென்சில் முனை மாதிரி ஒன்று, அது 100 கஜத்துக்கு மேல் நம்பக்கூடியது அல்ல. போல்ட் இழுத்துச் சுடுவதா, இழுக்காமல் சுடும் ஏ.ஆர்.-15ஆ என்று தனிச் சண்டை. கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுக்கப் போன குடும்பம் போல எல்லாவற்றையும் விரித்துப் போட்டு, இது பளபளப்பு, அது கனம் என்று பேசிக்கொண்டே இருக்கிறார்கள். பிறகு தூரத்தைக் காட்டும் கண்ணாடி. தூரம் அளக்கும் கருவி. குழலைத் தாங்க இரண்டு கால். இருட்டில் உடம்புச் சூட்டைப் படமாகக் காட்டும் தெர்மல் கருவி. இது சில சமயம் ரைபிளைவிட விலை அதிகம்.

இதில் ஒரு வேடிக்கையை அக்கா மகனிடம் கேட்டேன். கையோட்டி வேட்டையில் மிருகத்தைத் தேடிக்கொண்டு யாரும் அதிகம் அலைவதில்லை. அடிபட்ட முயல் கத்துவது போல ஒலி எழுப்பும் கருவி ஒன்றை வைத்துவிட்டு, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, அசையாமல் உட்கார்ந்துவிடுகிறார்கள். பசித்த கையோட்டி தானே ஓடி வருகிறது, சில சமயம் ஐம்பது கஜத்துக்குள்ளேயே. தானாக வாசலுக்கு வருகிற விருந்தாளிக்கு 400 கஜம் பாயும் துப்பாக்கி எதற்கடா என்றேன். "ஒருவேளை வராமல் தூரத்திலேயே நின்றுவிட்டால்?" என்றான். நின்றால் நிற்கட்டுமே! தூரத்தில் நிற்கும் நரி உன் ஆட்டை என்ன செய்கிறது?

இங்கேதான் நோக்கம் என்ற கட்டம் வருகிறது. ஆட்டைக் காப்பாற்ற என்று எழுதினான் என்றால், நான் பழைய வழக்கப்படி குறிப்பு எழுதுவேன்: விண்ணப்பதாரர் காலை ஏழு மணிக்குக் காரில் ஏறி வேலைக்குப் போகிறார், இரவு தூங்குகிறார். கையோட்டி வருவது விடியற்காலையிலும் அந்தியிலும் இரவிலும். அந்த நேரங்களில் ரைபிள் இருக்கும் இடம் அலமாரி. ஆடு இருக்கும் இடம் கொல்லை. ரைபிள் வாங்கியதால் அந்த ஆட்டுக்கு வந்த பாதுகாப்பு என்ன?

ஒட்டுமொத்தமாகச் சுட்டுக் குறைத்துவிட்டால் பயமே இல்லை என்பது அடுத்த வாதம். அதையும் அமெரிக்க அரசாங்கமே நூறு வருடத்துக்கும் மேலாகச் செய்து பார்த்துவிட்டது. சுட்டார்கள், பொறி வைத்தார்கள், விமானத்திலிருந்து சுட்டார்கள், விஷம் வைத்தார்கள். 1972இல் நிக்சன் ஜனாதிபதியாக இருந்தபோது மத்திய அரசு நிலங்களில் விஷம் வைப்பதைத் தடுத்து ஆணை போடும் அளவுக்கு அது போயிற்று. இன்றும் அவர்களுடைய விவசாயத் துறையின் ஒரு பிரிவு மட்டும் ஆண்டுக்கு 60,000க்கும் மேற்பட்ட கையோட்டிகளைக் கொன்ற ஆண்டுகள் உண்டு. தனி ஆட்கள் கொல்வது வேறு கணக்கு. யூட்டா மாநிலம் 2012 முதல் ஒரு தலைக்கு 50 டாலர் தருகிறது. இத்தனைக்கும் பலன்? ஒரு காலத்தில் மேற்குப் புல்வெளிகளிலும் பாலைகளிலும் மட்டும் இருந்த மிருகம் இன்று ஹவாய் தவிர எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. 2006இல் நியூயார்க் நகரத்தின் நடுவில், சென்ட்ரல் பார்க்கிலேயே ஒன்றைப் பிடித்தார்கள். அதை அடக்கி வைத்திருந்த ஓநாயை இவர்களே கொன்று தீர்த்தது ஒரு காரணம். இன்னொன்றை உயிரியல் படித்தவர்கள் சொல்கிறார்கள். ஒரு கூட்டத்தில் பெரிய ஜோடிதான் வழக்கமாகக் குட்டி போடும். அந்த ஜோடியைச் சுட்டுவிட்டால் கூட்டம் கலைந்து இளசுகள் எல்லாம் குட்டி போட ஆரம்பிக்கும். இரையும் மிச்சமிருப்பதால் குட்டிகள் பிழைத்துக்கொள்ளும். காலியான இடத்துக்குப் பக்கத்துக் கூட்டத்திலிருந்து புதிதாக வரும். ஆட்டைத் தொடாமல் எலி பிடித்துத் தின்றுகொண்டிருந்த பழைய ஜோடியைக் கொன்றுவிட்டு, என்ன பழக்கம் என்று தெரியாத புது ஜோடியை நீயே அழைத்துக்கொள்கிறாய்.

தோலுக்காக என்று ஒரு காலத்தில் சொல்ல முடிந்தது. குளிர் அங்கிகளின் தலைமூடியில் கையோட்டி ரோமம் வைத்துத் தைத்த கனடா கூஸ் நிறுவனமே 2021இல் இனி ரோமம் வாங்குவதில்லை என்று அறிவித்துவிட்டது. அந்தக் காரணமும் தேய்ந்து போயிற்று.

மிஞ்சுவது என்ன? இதை நான் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டேன். என்னோடு பிரெஞ்சில் படித்தவர்களுக்கு இந்நேரம் நினைவு வந்திருக்கும். அல்ஃபோன்ஸ் தொதே 1872இல் எழுதிய தார்த்தரேன் கதை. தெற்கு பிரான்சில் தராஸ்கோன் என்று ஊர். ஊரில் எல்லோரும் வேட்டைக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமையானால் துப்பாக்கி, பை, நாய், ஊதுகொம்பு சகிதம் கிளம்பிவிடுவார்கள். ஆனால் சுடுவதற்கு அந்த வட்டாரத்தில் ஒரு பறவை பாக்கி இல்லை. முயல் என்று சொல்ல ஒரே ஒரு கிழட்டு முயல். ஆகவே மரநிழலில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, அவரவர் தொப்பியை வானத்தில் எறிந்து அதையே சுடுவார்கள். யாருடைய தொப்பியில் ஓட்டை அதிகமோ அவர் அன்றைய ராஜா. குறி தவறுகிறவர்களுக்காக ஏற்கெனவே ஓட்டை போட்ட தொப்பிகளை விற்கும் கடைக்காரர்கூட அந்தக் கதையில் உண்டு. தார்த்தரேன் வீட்டில் சுவர் முழுக்க உலகத்துத் துப்பாக்கிகள். கடைசியில் சிங்கம் சுட அல்ஜீரியாவுக்குப் போய், ஒரு கழுதையையும் கண் தெரியாத வளர்ப்புச் சிங்கத்தையும் சுடுகிறார்.

வகுப்பில் சிரித்தோம். இன்று அந்தப் பட்டியலைப் பார்க்கும்போது, கையோட்டிதான் அவர்களுடைய தொப்பி என்று தோன்றுகிறது. முதலில் துப்பாக்கி வந்துவிட்டது. அதற்கு ஒரு வேலை வேண்டும். வருடம் முழுவதும் சுடலாம், கணக்குக் கிடையாது, யாரும் வருத்தப்பட மாட்டார்கள் என்று ஒரு மிருகம் அகப்பட்டது. யார் அதிகம் கொன்றார் என்று பரிசுப் போட்டியே வைக்கிறார்கள். அதை நாகரிகமில்லை என்று 2014இல் கலிஃபோர்னியா முதலில் தடை செய்தது. வெர்மான்ட், நியூ மெக்சிகோ, கொலராடோ என்று பின்னால் பல மாநிலங்கள் வந்தன. டெக்சாஸில் இன்றும் நடக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா இருந்தார். தார்த்தரேன் போன அதே அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர். மாஸ்-36 என்ற போல்ட் துப்பாக்கியைத் தூக்கிச் சுமந்தவர். எது நல்ல துப்பாக்கி என்று நாங்கள் பையன்கள் கேட்போம். "எடை குறைந்தது" என்பார். அவ்வளவுதான். உண்மையாகவே துப்பாக்கியோடு வாழ்ந்த மனிதர் அதைப் பற்றி அதற்கு மேல் பேசி நான் கேட்டதில்லை.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. மலைச்சரிவில் ஆயிரம் ஆடு மேய்க்கிறவனின் கஷ்டம் வேறு. அமெரிக்காவில் மற்ற மிருகங்களிடம் பறிபோகும் செம்மறிகளில் பாதிக்கும் மேல் கையோட்டி கணக்கு என்று அவர்கள் அரசாங்கமே புள்ளிவிவரம் போட்டிருக்கிறது. அந்த மேய்ப்பன் குட்டி போடும் காலத்தில் இரவெல்லாம் விழித்திருந்து, ஆட்டைக் கடிக்க வந்த கையோட்டியையே சுட்டால் நான் குறுக்கே பேச மாட்டேன். அவனுக்கு நோக்கம் இருக்கிறது; பட்டியல் பார்க்க நேரம்தான் இருக்காது. அதே அரசாங்கக் கணக்கில், எல்லா மிருகங்களும் சேர்ந்து கொல்வதைவிட நோய், குளிர், பிரசவக் கோளாறு ஆகியவற்றால் சாகும் ஆடுகள் அதிகம் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆட்டின் மேல் அவ்வளவு அக்கறை இருந்தால் முதல் செலவு கால்நடை மருத்துவருக்கு.

அதே தொதே எழுதிய இன்னொரு கதை, முசியே செகேனின் ஆடு, நம் பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் படித்தது. மலைக்குப் போவேன் என்று அடம் பிடித்த ஆட்டை அவர் தொழுவத்தில் போட்டுக் கதவைப் பூட்டுகிறார், ஜன்னலை மறந்துவிடுகிறார். ஆடு ஓநாய்க்கு இரையானது துப்பாக்கி இல்லாததால் அல்ல, ஜன்னலால். அக்கா மகனிடம் கேட்டேன்: இரவில் குட்டிகளை எங்கே அடைக்கிறாய்? அடைப்பதில்லை மாமா, வேலி இருக்கிறதே என்றான். என்ன வேலி? மாட்டுக்குப் போட்ட நாலு கம்பி. அதன் அடியில் பன்றியே புகுந்து போகும்.

வலை வேலி, அதன் கீழ்ப்பகுதியிலும் மேலேயும் மின்கம்பி, இரவில் அடைக்க ஒரு கொட்டகை. அதோடு ஒரு நாய். நாய் என்றால் வீட்டு நாய் அல்ல. பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே உள்ள பிரெனே மலை நாய்; அமெரிக்காவில் கிரேட் பிரனீஸ் என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் செல்லமாகப் பத்தூ என்பார்கள் (எண் அல்ல, பெயர்). வெள்ளை வெளேரென்று, கன்றுக்குட்டி மாதிரி, 45 கிலோவுக்கு மேல் போகும். ஓநாய்க்கும் கரடிக்கும் எதிராக ஆட்டைக் காக்கவே தலைமுறை தலைமுறையாக வளர்த்த ஜாதி. எட்டு வாரக் குட்டியாக ஆட்டோடு விட்டால் ஆட்டையே தன் குடும்பம் என்று நினைத்து வளரும். 1970களிலிருந்து அமெரிக்க ஆட்டுக்காரர்கள் நிறையப் பேர் இதை வைத்திருக்கிறார்கள். குறை இல்லாமல் இல்லை. பக்குவமாக ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும். அதுவரை துணைக்கு வளர்ந்த நாய் ஒன்று வேண்டும். இரவெல்லாம் குரைக்கும், பக்கத்து நிலத்துக்காரர் முணுமுணுப்பார். தீனிச் செலவு உண்டு. ஆனால் விடியற்காலை மூன்று மணிக்குக் கொல்லையில் விழித்திருக்கும் ஒரே ஜீவன் அதுதான். பெரும்பாலும் அது கடிக்கக்கூட வேண்டியதில்லை. அங்கங்கே மூத்திரம் போய், குரைத்து, இது என் இடம் என்று சொல்லிவிட்டால் கையோட்டி எலி தேடி வேறு பக்கம் போய்விடும்.

பையனுக்கு அங்கே எல்லோரும் வேட்டைக்குப் போகிறார்கள், நாம் மட்டும் ஒதுங்கி நின்றால் நன்றாக இருக்காது என்பது அக்கா மகனின் கடைசி வாதம். உண்மையில் முதல் வாதமே இதுதான் என்று நினைக்கிறேன், வெட்கப்பட்டுக் கடைசியில் சொன்னான். எனக்கு அது புரிகிறது. பிரெஞ்சுக்காரர் போல நடை உடை பழகிக்கொண்ட தலைமுறையைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் பதினாலு வயதுப் பையன், முயல் குரலில் ஏமாற்றி வரவழைத்த ஒரு மிருகத்தை, அதைத் தின்னவும் போவதில்லை, தோலை விற்கவும் போவதில்லை என்ற நிலையில், திரையில் வெள்ளையாகத் தெரியும் உருவமாகப் பார்த்துச் சுட்டுப் பழகுவதை ஊரோடு ஒத்துப்போவது என்று நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். இரண்டு நாய்க்குட்டிகளைக் கொடுத்து, இவற்றை ஆட்டோடு பழக்கு என்று அவனிடம் பொறுப்பு விட்டால், இரண்டு வருடம் தினமும் விடியலில் எழுந்திருப்பான். அவன் அப்பன் அந்த வயதில் எழுந்ததில்லை, எனக்குத் தெரியும்.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்கித்தான் தீருவேன் என்றால், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் கோப்பை மூடுவது முறையல்ல. ஒன்றே ஒன்று, இரண்டு வேண்டாம். .223, போல்ட் ஆக்‌ஷன். மூன்று முதல் ஒன்பது மடங்கு வரை காட்டும் சாதாரணக் கண்ணாடி. தெர்மல் வேண்டாம். சுடும் திசையில் பின்னால் மண்மேடு இருந்தால் மட்டும் சுட வேண்டும், ஏனென்றால் குறி தவறிய குண்டு கிலோமீட்டர் கணக்கில் போகும், அந்தப் பக்கம் யாருடைய வீடோ. முதலில் தாளில் சுட்டுப் பழக வேண்டும். 100 கஜத்தில் ஐந்து குண்டும் ஒரு ரூபாய் நாணய அளவுக்குள் விழும் வரை உயிர் எதையும் குறி வைக்கக்கூடாது. இரும்பு அலமாரி, நல்ல பூட்டு, தோட்டா தனி இடத்தில். டெக்சாஸ் சட்டமே 17 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் கைக்கு எட்டும்படி தோட்டா போட்ட துப்பாக்கியை விட்டுவைப்பதைக் குற்றம் என்கிறது. ஆகவே சாவி பையனிடம் கிடையாது. அக்காவிடம் கொடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதம் அவள் அங்கே போகிறாள். ஆறு மாதம் இருப்பாள்.